கதை முடிஞ்சது, கத்தரிக்காய் காய்ச்சது... சந்தா மட்டும் ஏன் நிக்கல?

பாட்டிகள் சொல்லும் கதைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது முடியும். "கதை முடிஞ்சுது, கத்தரிக்கா காய்ச்சுது" என்று சொல்லிவிட்டால் எழுந்து போகலாம். போன வாரம் சொன்ன கதைக்கு இந்த வாரமும் காசு கொடு என்று எந்தப் பாட்டியும் கேட்டதில்லை.

மாதச் சந்தா வாங்கும் ஆன்லைன் கேம்கள் கேட்கின்றன. அதிலும் "எங்க கேமோட உயிரே கதைதான்" என்று மார்தட்டுகிற கேம்கள்தான் கூச்சமில்லாமல் கேட்கின்றன. இன்றைய சண்டை அதைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது ஃபைனல் ஃபேண்டசி 14. நம் வகுப்பில் பாதிப் பேருக்கு அது தெய்வம், மீதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. மோசமான கேமைத் திட்டுவதில் என்ன வீரம் இருக்கிறது? இந்த வகையில் ஆகச் சிறந்ததை எடுத்துக்கொண்டு, அதற்கே இந்தச் சந்தா பொருந்துகிறதா என்று பார்த்தால்தான் நியாயம்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2010 செப்டம்பரில் இந்த கேமை வெளியிட்டது. படுதோல்வி. சில மாதங்களிலேயே நவோகி யோஷிதா என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். 2012 நவம்பரில் பழைய உலகத்தின் மேல் ஒரு நிலவையே விழவைத்து சர்வரை மூடினார்கள். 2013 ஆகஸ்டில் 'எ ரெல்ம் ரீபார்ன்' என்ற பெயரில் புதிதாகத் திறந்தார்கள். பிறகு ஹெவன்ஸ்வர்ட் (2015), ஸ்டார்ம்பிளட் (2017), ஷேடோபிரிங்கர்ஸ் (2019), எண்ட்வாக்கர் (2021), டான்டிரெயில் (2024) என்று எக்ஸ்பான்ஷன்கள் வந்தன.

கதை நல்ல கதை. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஷேடோபிரிங்கர்ஸ் கதையில் வரும் எமெட்-செல்க் என்ற வில்லனை முடித்த பிறகு, ஜெயித்தோம் என்று சந்தோஷப்படவே தோன்றாது. அந்த அளவுக்கு எழுதியிருக்கிறார்கள். கேள்வி கதை நன்றாக இருக்கிறதா என்பதல்ல. நன்றாக இருக்கும் ஒரு கதைக்கு மாதாமாதம் வாடகை கட்டலாமா என்பதுதான்.

முதலில் கணக்கு

சாதாரண சந்தா மாதம் 14.99 டாலர். ஒரு சர்வருக்கு ஒரு கேரக்டர் போதும் என்றால் 12.99. இது தவிர எக்ஸ்பான்ஷனைத் தனியாக வாங்க வேண்டும். டான்டிரெயில் வந்தபோது அதன் விலை 39.99 டாலர். இதுவும் போதாதென்று உடை, குதிரை, கூத்தாட்டம் எல்லாம் விற்கும் ஆன்லைன் கடை வேறு. ஒரே ஆளிடம் மூன்று பாக்கெட்டிலும் கை விடுகிறார்கள். சட்டையில் நான்காவது பாக்கெட் இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது வைத்திருப்பார்கள் :-)

"2013-ல இருந்து சந்தா ஒரு சென்ட் கூட ஏத்தல" என்று ரசிகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், அமெரிக்காவில் ஏறவில்லை. 2013-ல் டாலர் 60 ரூபாயை ஒட்டி இருந்தது. அப்போது 14.99 என்றால் 900 ரூபாய். 2025-ல் டாலர் 85-ஐத் தாண்டிவிட்டது. அதே 14.99 இப்போது 1270 ரூபாய்க்கு மேல். டாலரில் கட்டும் நமக்கு சந்தா ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அறிவிப்பு மட்டும் வரவில்லை.

கதையை நம்பி வாடகை கேட்டவர்களின் கதி

கதையும் வாடகையும் ஒத்துப்போகாது என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. இந்தத் தொழிலே பட்டுத் தெரிந்துகொண்டது.

2011 டிசம்பரில் 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' வந்தது. பயோவேர் தயாரிப்பு. எட்டு வகைக் கேரக்டர், எட்டுக்கும் தனித்தனிக் கதை, எல்லா வசனத்துக்கும் நடிகர் குரல். மாதம் 14.99 டாலர். 2012 தொடக்கத்தில் 17 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். மே மாதத்தில் அது 13 லட்சம் ஆனது. நவம்பரில் கேமையே இலவசமாக்கிவிட்டார்கள். ஒரு வருடம் கூட முழுசாகத் தாங்கவில்லை. காரணம் ரொம்ப எளிமை. கதை எழுத, நடிக்க, படமாக்க வருடக்கணக்கில் ஆகும். அதை விளையாடி முடிக்க சில வாரம் போதும். சமைக்கும் வேகத்தைவிடச் சாப்பிடும் வேகம் அதிகமென்றால் மெஸ் நடத்த முடியுமா?

2012 ஜூலையில் வந்த 'தி சீக்ரெட் வேர்ல்ட்' டிசம்பரிலேயே கட்டாயச் சந்தாவைக் கைவிட்டது. 2014 ஏப்ரலில் வந்த 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' 2015 மார்ச்சில் கைவிட்டது. மூன்றுமே கதையைச் சொல்லித்தான் கடை திறந்தன. மூன்றும் ஒரு வருடத்துக்குள் வாடகை போர்டைக் கழற்றிவிட்டன.

ஃபைனல் ஃபேண்டசி 14 மட்டும் எப்படித் தப்பித்தது? அதன் ரசிகர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"மச்சி, ஒரு சினிமா டிக்கெட், ஒரு பாப்கார்ன் காசுதான். அதுக்கு நூறு மணி நேரம் விளையாடலாம்டா"

இந்த மணி நேரக் கணக்கை எவன் கண்டுபிடித்தானோ! அந்தக் கணக்குப்படி பார்த்தால் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பதுதான் உலகிலேயே மலிவான பொழுதுபோக்கு.

அந்த நூறு மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'எ ரெல்ம் ரீபார்ன்' விளையாடியவர்கள் யாரும் அந்த விருந்தை மறந்திருக்க மாட்டார்கள். டைட்டன் என்ற பூதத்தோடு மோதப் போகிறோம், ஊரே ஆபத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் பழைய வீரர்களுக்கு விருந்து வைக்க வேண்டும் என்று ஒயினுக்கும் சீஸுக்கும் நம்மை ஊர் ஊராக அலைய விடுவார்கள். இவரிடம் போ, அவர் அடுத்தவரிடம் அனுப்புவார், அவர் திரும்ப இவரிடமே அனுப்புவார். தாசில்தார் ஆபீஸ் தோற்றுவிடும்.

புத்தகத்தில் இப்படி எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார். படத்தில் வைத்தால் தியேட்டரில் விசிலடிப்பார்கள். மாத வாடகைக்கு விற்கும் கதையில் மட்டும் யாரும் வெட்ட மாட்டார்கள். ஏனென்றால் இங்கே நீளம்தான் வருமானம். கடைசியில் 2020 ஆகஸ்டில் வந்த அப்டேட்டில்தான் அந்தப் பழைய பகுதியிலிருந்து பல பணிகளை நீக்கியும் சுருக்கியும் சரிசெய்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஏழு வருடம் மாதக் காசு கட்டி அதே அலைச்சலை அலைந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2017-லிருந்து, காசு கொடுத்தால் பழைய கதையை முழுசாகத் தாண்டிப் போக அவர்களே டிக்கெட் விற்கிறார்கள். கதைதான் உயிர் என்றீர்கள், அந்த உயிரைத் தாண்டிக் குதிக்கவும் காசா? கச்சேரிக்கும் டிக்கெட், கச்சேரியிலிருந்து வெளியே போகவும் டிக்கெட்!

"சர்வர் நடத்த செலவாகாதா?"

ஆகும். யார் இல்லை என்றது? ஆனால் கில்ட் வார்ஸ் 2 என்ற கேம் 2012 ஆகஸ்டிலிருந்து கட்டாயச் சந்தா இல்லாமல்தான் சர்வர் நடத்துகிறது. கேமையும் எக்ஸ்பான்ஷனையும் விற்கிறார்கள், கடையில் அலங்காரச் சாமான் விற்கிறார்கள். ஃபைனல் ஃபேண்டசியும் இதையெல்லாம் விற்கிறது. கூடவே சந்தாவும் வாங்குகிறது.

இத்தனைக்கும் இந்தியாவில் அவர்களுக்கு சர்வரே கிடையாது. ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா என்று நான்கு வட்டாரம்தான். நாம் எதில் சேர்ந்தாலும் தூரத்துச் சொந்தம்தான். சண்டையில் தரையில் சிவப்பு வட்டம் தெரிந்தவுடன் நகர்ந்தாலும், நாம் செத்த பிறகுதான் நகர்ந்த செய்தி ஜப்பானுக்குப் போய்ச் சேரும்.

"சந்தா இல்லன்னா சூதாட்டம் வந்துடும்டா"

ரசிகர்கள் சொல்வதில் ஆக உருப்படியான வாதம் இது. முழுசாக ஒப்புக்கொள்கிறேன். ஜென்ஷின் இம்பாக்ட் 2020-ல் வந்தது. அதுவும் கதை சொல்லும் ஆன்லைன் கேம்தான், நுழைவு இலவசம். ஆனால் பிடித்த கேரக்டர் கிடைக்குமா என்பது குலுக்கல். கிடைக்கும்வரை காசைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதோடு ஒப்பிட்டால் "மாதம் இவ்வளவு, வேண்டுமானால் இரு, வேண்டாமென்றால் போ" என்பது நேர்மையான வியாபாரம்.

ஆனால் "பக்கத்துக் கடைக்காரன் திருடன்" என்பது நம் கடைக்காரரின் தராசு சரியாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. 'வேண்டாமென்றால் போ' என்று நிஜமாகவே சொல்கிறார்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் அவர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சந்தா உண்மையில் எதற்கு?

இந்த கேம் தப்பித்ததற்குக் கதை ஒரு காரணம்தான். பெரிய காரணம் ஊர்.

புதிதாகச் சேர்ந்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முளை தெரியும். அதைப் பார்த்தால் பழையவர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய டன்ஜன் கூடக் காலியாக இருக்காது. ஏனென்றால் பழைய ஆட்கள் தினமும் அங்கே திரும்பிப் போனால் பரிசு கிடைக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நேற்று வந்தவனுக்கும் துணைக்கு ஆள் கிடைக்கும். மற்ற கேம்களில் பழைய இடமெல்லாம் பாழடைந்த கோயில் மாதிரி கிடக்கும். இங்கே அப்படி இல்லை.

2021 மே மாதம் 'பெர்செர்க்' மங்காவை வரைந்த கென்டாரோ மியுரா இறந்துபோனார். செய்தி வந்ததும் பல சர்வர்களில் ஆட்கள் பெரிய வாளைத் தோளில் சுமக்கும் டார்க் நைட் வேடத்தில் வந்து, தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். யாரும் ஏற்பாடு செய்யவில்லை, பரிசு கிடையாது, எந்தக் கதை எழுத்தாளரும் அதை எழுதவில்லை. அஞ்சலிக்கு நின்றார்கள், அவ்வளவுதான்.

இதற்குக் காசு கேட்டால் நான் சண்டை போட மாட்டேன். ஒரு தெருவை விளக்கு போட்டு, பெருக்கி, கலாட்டா பண்ணுபவனை வெளியேற்றி வைத்திருப்பதற்கு வரி கேட்பது நியாயம். தெருவில் நான் இருக்கும் மாதத்துக்குத் தருகிறேன்.

2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் வந்தபோது கூட்டம் தாங்காமல் மணிக்கணக்கில் வரிசை நின்றது. அப்போது நிறுவனம் கேமை விற்பதையே நிறுத்தி வைத்தது. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு முதலில் 7 நாள், பிறகு 14 நாள் இலவசமாகக் கூட்டிக் கொடுத்தது. 2010-ல் கேம் கேவலமாக இருந்தபோது, 2012 ஜனவரி வரை சந்தா வாங்காமலே நடத்தினார்கள். உள்ளே வரமுடியாதவனிடமும், உருப்படியாக எதுவும் கிடைக்காதவனிடமும் காசு வாங்கக்கூடாது என்று அவர்களுக்கே தெரியும். அதனால்தான் அடுத்த விஷயம் எனக்குக் கோபம் மூட்டுகிறது.

வீட்டை இடிக்கும் வாடகை

கேமில் வீடு வாங்கலாம். மனைகள் குறைவு, குலுக்கலில்தான் கிடைக்கும். மாதக்கணக்கில் காத்திருந்து மனை வாங்கி, நாற்காலி செய்து, தோட்டம் போட்டு அலங்கரிப்பார்கள். 45 நாள் அந்த வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை என்றால் இடித்துவிடுவார்கள். கொஞ்ச நாளுக்குள் திரும்பி வந்தால் சாமான்களையும் பணத்தில் ஒரு பகுதியையும் மீட்கலாம். மனை போனது போனதுதான்.

யோஷிதா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், "அப்டேட் வரும்போது வாருங்கள், முடிந்ததும் போய் வேறு கேம் விளையாடுங்கள்" என்ற பொருளில். கேட்க எவ்வளவு இனிக்கிறது! ஆனால் பெரிய அப்டேட்டுகளுக்கு நடுவே ஏறக்குறைய நான்கு மாத இடைவெளி. வீடு தாங்குவது 45 நாள். வாய் 'போய் வா' என்கிறது, கை சட்டையைப் பிடித்து இழுக்கிறது. செமஸ்டர் பரீட்சை என்று இரண்டு மாதம் போனவன் திரும்பி வந்தால் அவன் வீடு இருந்த இடத்தில் வேறு ஒருவன் கொடி நட்டிருப்பான். அந்தப் பயத்திலேயே, விளையாடாமல், வீட்டை எட்டிப் பார்க்க மட்டும் மாதம் 1270 ரூபாய் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். இது கதைக்கான காசும் இல்லை, ஊருக்கான வரியும் இல்லை. பிணைத்தொகை.

"மனை குறைவு, வேறு வழியில்லை" என்று சொல்ல முடியாது. 2020-ல் கொரோனா பரவியபோது இந்த இடிப்பை நிறுத்திவைத்தார்கள். உலகம் அழிந்துவிடவில்லை. மனம் இருந்தால் நிறுத்த முடிகிறது.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. இந்த கேமுக்கு ஓர் இலவசப் பதிப்பு உண்டு, அதற்குக் கால வரம்பே கிடையாது. 2023 அக்டோபரிலிருந்து ஸ்டார்ம்பிளட் கதை முழுவதும், 70-ஆம் லெவல் வரை ஓசியில் விளையாடலாம். பிரமாதம்! ஆனால் ஒருமுறை காசு கொடுத்து முழுப் பதிப்பு வாங்கிவிட்டால் இலவசப் பதிப்புக்குத் திரும்ப முடியாது. சந்தா நின்றால் எதுவுமே திறக்காது. ஓசியில் விளையாடுபவன் தினமும் நுழையும் அதே ஊருக்குள், எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கியவன் நுழைய முடியாது. ஒரு பைசா கொடுக்காதவனுக்குத் திறந்த கதவு, ஐயாயிரம் கொடுத்தவனுக்குப் பூட்டு. எந்த ஊர் நியாயம் இது?

என்ன செய்ய வேண்டும்?

மூன்றே கோரிக்கை.

1. சந்தா நின்றவரை இலவசப் பதிப்பின் அளவுக்காவது உள்ளே விடுங்கள். புதிதாக எதையும் செய்யச் சொல்லவில்லை, ஏற்கெனவே இருக்கும் கதவைத் திறந்தால் போதும்.

2. வீட்டுக்கு விடுப்பு கொடுங்கள். வருடத்துக்கு நான்கு மாதம் பூட்டி வைக்க அனுமதி போதும். மாணவனுக்குப் பரீட்சை வரும், வேலைக்காரனுக்கு இரவு ஷிப்ட் வரும், யாருக்கும் ஆஸ்பத்திரி வரலாம்.

3. காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்பான்ஷனின் கதையைச் சந்தா இல்லாமல் விளையாட விடுங்கள். முன்பு கதை டன்ஜனுக்கு மூன்று பேர் துணை வேண்டும், இப்போது கம்ப்யூட்டர் கேரக்டர்களையே துணைக்கு அழைத்துப் போகும் வசதியை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். எட்டுப் பேர் சேரும் சண்டைகளுக்கு மட்டும் ஆள் தேவை. அதற்கு வேண்டுமானால் ஒரு நாள் டிக்கெட் போடுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

அதுவரை நாம் என்ன செய்வது?

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். டான்டிரெயில் 2024 ஜூலையில் வந்தது. அதன் தொடர்ச்சியான அப்டேட்டுகள் 2024 நவம்பர், 2025 மார்ச், 2025 ஆகஸ்ட் மாதங்களில் வந்தன. ஒவ்வொன்றிலும் உள்ள முக்கியக் கதையை ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம். ஜூலையிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரை விடாமல் கட்டியவர் 14 மாதத்துக்கு 209.86 டாலர் கொடுத்திருப்பார். தொடக்கத்தில் இரண்டு மாதம், பிறகு அப்டேட் வந்த மூன்று மாதம் மட்டும் கட்டியவர் 74.95 டாலர். இருவரும் பார்த்த முக்கியக் கதை ஒன்றுதான், ஒரு வசனம் கூடக் குறையாது. வித்தியாசம் 11,000 ரூபாய்க்கு மேல். ஹாஸ்டல்காரர்களுக்கு அது எத்தனை மாத மெஸ் பில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மக்களே, இந்த கேமை விளையாடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் விளையாடுங்கள். ஸ்டார்ம்பிளட் வரை ஓசியில் மெதுவாகப் போங்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். பிறகு செமஸ்டர் லீவு பார்த்து முழுப் பதிப்பு வாங்குங்கள், கூடவே 30 நாள் இலவசமாக வரும். அதில் ஷேடோபிரிங்கர்ஸ், தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம் கட்டி எண்ட்வாக்கர். 2013-ல் ஆரம்பித்த பெரிய கதை அங்கே நிறைவாக முடிகிறது. முடிந்த அன்றைக்கே சந்தாவை நிறுத்துங்கள். கூட விளையாடிய நண்பர்களிடம் போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு வாடகை கிடையாது.

வீடு மட்டும் வாங்கிடாதீங்க.